ஒற்றைக் குழு ஆய்வுகளின் எண்களை ஒன்றாகச் சேர்ப்பது எப்படி? மலையகத்தில் முதல் தடவை மீளாய்வு செய்பவர்களுக்கு

"தோட்டத்துப் பெண்களில் எத்தனை வீதமானோருக்குக் குருதிச்சோகை இருக்கிறது?" இந்த மாதிரி ஒரு கேள்வியைக் கொடுத்து, வெளியான ஆய்வுகளையெல்லாம் தேடி எடுத்து ஒரே எண்ணாகச் சேர்த்துக் கொண்டுவா என்று உங்கள் மேற்பார்வையாளர் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருவது பெரும்பாலும் மருந்து கொடுத்த குழு, கொடுக்காத குழு என்று இரண்டை ஒப்பிடும் ஆய்வுகளைப் பற்றித்தான். ஒரே குழுவை எடுத்து எண்ணிவிட்டுப் போன ஆய்வுகளுக்கு அந்த வழி பாதிதான் பொருந்தும். எந்தப் பாதி பொருந்தாது என்பதை நாங்கள் முட்டி மோதித்தான் கண்டுபிடித்தோம்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள், மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. கொழுந்து நிறுக்கிற தராசு கொஞ்சம் பிழையாக இருந்தாலும், அதே தராசில் நிறுத்த இரண்டு பேரில் யார் கூடப் பறித்தார் என்று சொல்லிவிடலாம், ஏனென்றால் பிழை இரண்டு பேருக்கும் பொது. ஆனால் பத்துத் தோட்டத்துப் பத்துத் தராசுகளில் நிறுத்ததை வைத்து "ஒருவர் சராசரியாக எத்தனை கிலோ பறிக்கிறார்" என்று கேட்டால் ஒவ்வொரு தராசின் பிழையும் விடைக்குள் வந்துவிடும். ஒற்றைக் குழு ஆய்வுகளைச் சேர்ப்பது இரண்டாவது வகை. பிழையைக் கழித்துவிட இங்கே ஒப்பீட்டுக் குழு கிடையாது. அதனால் யாரை எண்ணினார்கள், எதை வைத்து அளந்தார்கள், எந்த வெட்டுப்புள்ளியைப் பிடித்தார்கள் என்பதெல்லாம் நேரடியாக உங்கள் கடைசி எண்ணில் போய் உட்காரும்.

1. வரையறையை எழுதிப் பூட்டுங்கள்

தேடலுக்கு முன்னாலேயே ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்: யார் (கர்ப்பிணிகளா, 15 முதல் 49 வயதுப் பெண்களா, பாடசாலைப் பிள்ளைகளா), எங்கே (தோட்டத் துறை மட்டுமா, நுவரெலியா மாவட்டம் முழுவதுமா, இரண்டும் ஒன்றில்லை, மாவட்டத்தில் கிராமங்களும் நகரங்களும் இருக்கின்றன), எந்த அளவுகோல்.

அளவுகோல்தான் மலையகத்தில் கழுத்தறுக்கும் இடம். உயரமான இடத்தில் வாழ்பவர்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடும், அதனால் உயரத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு வெட்டுப்புள்ளி லீட்டருக்கு 120 கிராம், அதற்குக் கீழே என்றால் சோகை. 2011 வழிகாட்டலில் உயரத் திருத்தம் 1,000 மீட்டரில் 2 கிராம், 1,500 மீட்டரில் 5, 2,000 மீட்டரில் 8. 2024இல் வந்த புதிய வழிகாட்டலில் 500 மீட்டரிலேயே திருத்தம் தொடங்குகிறது: 500 முதல் 999 வரை 4, 1,000 முதல் 1,499 வரை 8, 1,500 முதல் 1,999 வரை 11.

நுவரெலியா நகரம் 1,868 மீட்டரில் இருக்கிறது. அங்கே ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 123 என்று வைத்துக்கொள்ளுங்கள். திருத்தாத ஆய்வில் அவருக்குச் சோகை இல்லை. 2011 அட்டவணையின் 1,500 மீட்டர்ப் படியைப் பிடித்தால் வெட்டுப்புள்ளி 125, ஆகவே சோகை உண்டு. 2024இன்படி 131, அப்போதும் உண்டு, அதோடு 128, 129 இருப்பவர்களும் சேர்ந்துவிடுவார்கள். இரத்தம் ஒன்றுதான், எண்ணிக்கை மூன்று. 680 மீட்டரளவில் இருக்கிற பதுளையில் பழைய விதியின்படி திருத்தமே கிடையாது, புதிய விதியின்படி உண்டு. எந்த வரையறையை ஏற்பீர்கள், வேறு வரையறையில் இருக்கும் ஆய்வை என்ன செய்வீர்கள் (விடுவதா, தனித் துணைக்குழுவில் போடுவதா, ஆசிரியருக்கு எழுதி மூலத்தரவு கேட்பதா) என்பதை முடிவுகளைப் பார்க்கிறதற்கு முன்னால் எழுதிவிடுங்கள். பார்த்த பிறகு எழுதினால் உங்களுக்கே தெரியாமல் கை சாயும்.

2. பதிவும் கடிதங்களும்

மீளாய்வுத் திட்டங்களை முன்கூட்டியே பதியும் ப்ரொஸ்பெரோ தளத்தில் பதிவு செய்வது இலவசம். தரவு எடுக்கத் தொடங்கிய பிறகு பதிவு செய்யப் போனால் அர்த்தமில்லை, ஆகவே மேலே சொன்ன பக்கம் தயாரானதும் செய்யுங்கள். ஆய்வுகளைத் தெரிவுசெய்ய இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், சண்டை வந்தால் தீர்க்க மூன்றாவது ஆள். துணைக்கு ஆள் தேடுவதை இப்போதே முடியுங்கள், பாதியில் தேடினால் கிடைக்காது.

வெளியான தரவுகளை மட்டும் பயன்படுத்தும் மீளாய்வுக்குப் பொதுவாக நெறிமுறை அனுமதி தேவைப்படாது. ஆனால் "தேவையில்லை" என்பதை உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடமிருந்து ஒரு கடிதமாக வாங்கி வைப்பது நல்லது. குழு கூடும் திகதியைப் பொறுத்துத் தாமதமாகும், கடைசியில் கேட்டால் அந்த ஒரு தாளுக்காக எல்லாம் நிற்கும்.

செலவு பெரிதாக இல்லை. ஆர் என்ற புள்ளிவிபர மென்பொருள் இலவசம், மேற்கோள்களைச் சேமிக்கும் சோட்டேரோ இலவசம், ஆய்வுகளைத் தெரிவுசெய்ய உதவும் ரையானில் இலவசமாகவே தொடங்கலாம். கட்டுரைகளுக்குக் காசு கட்டாதீர்கள், பல்கலைக்கழக நூலகத்தில் ஹினாரி (உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகை வாசிப்புத் திட்டம்) வழியாகத் திறக்குமா என்று முதலில் கேளுங்கள். காசு போவது டேட்டாவுக்கும், நூலகத்துக்குப் போகும் பஸ்ஸுக்கும், ஆய்வேடுகளைப் போட்டோகொப்பி எடுப்பதற்கும்தான். சஞ்சிகை வெளியீட்டுக் கட்டணம் கேட்குமா என்பதை மட்டும் எழுதத் தொடங்குமுன் பார்த்துவிடுங்கள், சில இடங்களில் அது ஒரு வருஷச் சம்பளத்தை விழுங்கும்.

3. தேடல்

பப்மெட் மட்டும் போதாது. உள்ளூர் சஞ்சிகைகள் பல ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பட்டப்பின் மருத்துவ ஆய்வேடுகள் நூலக அலுமாரியில் இருக்கும், இணையத்தில் அநேகமாக இருக்காது.

நம்முடைய மக்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். எஸ்டேட், பிளான்டேஷன், டீ வர்க்கர்ஸ், இந்தியன் தமிழ், அப்கன்ட்ரி, மலையகம் என்று எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் தேடல் வரிக்குள் போடுங்கள். நுவரெலியாவை ஒரே சொல்லாகவும் இரண்டு சொல்லாகவும் எழுதித் தேடுங்கள். தேடிய திகதி, தளம், முழுத் தேடல் வரி மூன்றையும் அன்றைக்கே சேமித்துவிடுங்கள், மீளாய்வுக் கட்டுரையில் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று வரையறுக்கும் ப்ரிஸ்மா 2020 பட்டியல் இதையெல்லாம் கேட்கும்.

4. தரவை எடுக்கும் அட்டவணை

ஒரு ஆய்வுக்கு ஒரு வரி. வீதத்தை எடுக்காதீர்கள், எண்ணிக்கையை எடுங்கள்: தொகுதியில் (நோயுள்ளவர்கள்) எத்தனை பேர், பகுதியில் (அளக்கப்பட்டவர்கள் எல்லோரும்) எத்தனை பேர். "28.4 வீதம்" என்று மட்டும் போட்டிருந்தால் பகுதியால் பெருக்கிப் பாருங்கள், முழு எண்ணுக்குக் கிட்ட வராவிட்டால் அவர்கள் நிறையிட்ட வீதத்தைச் சொல்கிறார்கள் அல்லது பகுதி வேறு. சேர்த்துக்கொண்டவர்கள் 400 பேர், இரத்தம் கொடுத்தவர்கள் 352 பேர் என்றால் பகுதி 352. கட்டுரையின் சுருக்கத்தில் 400 தான் இருக்கும், உள்ளே அட்டவணையின் அடிக்குறிப்பில்தான் 352 இருக்கும்.

அதோடு இவற்றுக்கும் நிரல் போடுங்கள்: தரவு சேகரித்த வருடம் (வெளியான வருடம் அல்ல), இடத்தின் உயரம், உயரத் திருத்தம் செய்தார்களா, விரல் நுனி இரத்தமா நாள இரத்தமா, எந்தக் கருவி, மாதிரி எடுத்த முறை.

இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, இரட்டிப்பு. ஒரே மாதிரி முதலில் மாநாட்டுச் சுருக்கமாக வரும், அப்புறம் ஆய்வேடாக, அப்புறம் ஆசிரியர் வரிசை மாறி சஞ்சிகைக் கட்டுரையாக. மூன்றையும் மூன்று ஆய்வென்று சேர்த்தால் ஒரே பெண்களை மூன்று தடவை எண்ணியதாகிவிடும். இடம், சேகரித்த மாதம், மாதிரி அளவு மூன்றும் பொருந்தினால் சந்தேகப்படுங்கள்.

மற்றது கொத்து மாதிரி. நம்முடைய பக்கத்தில் பெரும்பாலான ஆய்வுகள் தோட்டங்களைத் தெரிவுசெய்து, டிவிஷனைத் தெரிவுசெய்து, அப்புறம்தான் லயத்துக்குள் போகின்றன. ஒரே டிவிஷனில் இருப்பவர்கள் ஒரே கடை, ஒரே தண்ணீர், ஒரே பிள்ளை மடுவம் என்று இருப்பதால் 400 பேரை அளந்தாலும் 400 தனித்தனிச் செய்திகள் கிடைப்பதில்லை. திருத்தம் எளிது: வடிவமைப்பு விளைவு என்பது, கொத்தின் சராசரி அளவில் ஒன்றைக் கழித்து, கொத்துக்குள் இணைபுக் குணகத்தால் (ஒரே கொத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதன் அளவு) பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வருவது. கொத்துக்கு 20 பேர், குணகம் 0.05 என்றால் 1.95. அப்போது 400 பேரில் 120 என்பதை 1.95ஆல் வகுத்து, ஏறத்தாழ 205 பேரில் 62 என்று போட வேண்டும். வீதம் மாறவில்லை, நம்பகம்தான் பாதியானது. குணகத்தை ஆய்வு சொல்லாவிட்டால் அதே மாதிரியான வேறொரு ஆய்விலிருந்து கடன் வாங்குங்கள், கடன் வாங்கினேன் என்று எழுதுங்கள்.

5. தரம் பார்த்தல்

பரவல் ஆய்வுகளுக்கென்றே, ஆய்வுத் தரம் பார்க்கும் பட்டியல்களை வெளியிடும் ஜேபிஐ நிறுவனத்தின் ஒன்பது கேள்விப் பட்டியல் இருக்கிறது, இலவசம். மருந்துச் சோதனைகளுக்கான பட்டியலை இங்கே கொண்டுவராதீர்கள். புள்ளி கூட்டி "9க்கு 7, ஆகவே நல்லது" என்று சொல்வதைவிட, மாதிரி எப்படி எடுத்தார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், எப்படி அளந்தார்கள் என்ற மூன்றையும் ஆய்வு ஆய்வாகக் காட்டுங்கள். கிளினிக்குக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிய ஆய்வும், வீடு வீடாகப் போய் எண்ணிய ஆய்வும் ஒரே புள்ளி வாங்கிவிடும், ஆனால் இரண்டும் ஒரே ஆட்களைப் பற்றிப் பேசவில்லை.

6. எண்களை உருமாற்றுதல்: இங்கே அவசரப்படாதீர்கள்

எல்லாத் தொகுதியையும் கூட்டி எல்லாப் பகுதியாலும் வகுத்தால் என்ன என்று கேட்பீர்கள். அப்படிச் செய்தால் ஒரு பெரிய ஆய்வு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும், ஆய்வுகளுக்கிடையிலான வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

சரி, வீதங்களை அப்படியே வைத்து மாறற்றிறனின் (வீதம் எவ்வளவு தளம்பலாம் என்பதன் அளவு) தலைகீழால் நிறையிட்டால்? இரண்டு பிரச்சினை வரும். 50 பேரில் 2 பேர் என்பது 4 வீதம். வழக்கமான சூத்திரத்தில் 95 வீத நம்பிக்கை ஆயிடை மறை 1.4இலிருந்து 9.4 வரை வரும். மறைப் பெறுமானத்தில் நோயாளிகள் இருக்க முடியாது. அடுத்தது நிறை. வீதம் பூச்சியத்துக்கோ நூறுக்கோ கிட்டப் போகப் போக மாறற்றிறன் சுருங்குகிறது, ஆகவே 50 பேரில் 2 என்ற ஆய்வுக்கு, அதே 50 பேரில் 25 என்ற ஆய்வைவிட ஆறரை மடங்கு நிறை கிடைக்கும். இரண்டும் ஒரே அளவு ஆய்வு, ஆனால் குறைந்த வீதம் சொன்னவருக்குத்தான் குரல் பெரிது. சேர்த்த எண் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடும்.

இதற்குத்தான் உருமாற்றம். லொஜிட் என்பது நோயுள்ளவர்களை நோயில்லாதவர்களால் வகுத்து இயற்கை மடக்கை எடுப்பது. அதன் மாறற்றிறன், நோயுள்ளவர் எண்ணிக்கையின் தலைகீழையும் நோயில்லாதவர் எண்ணிக்கையின் தலைகீழையும் கூட்டியது. அதே 50இல் 2ஐ லொஜிட்டில் கணித்துத் திருப்பினால் ஆயிடை 1.0இலிருந்து 14.6 வீதம் வரை வருகிறது, பூச்சியத்துக்குக் கீழே போகவில்லை. கையால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்: 120 பேரில் 30 என்றால் லொஜிட் மறை 1.0986, மாறற்றிறன் 0.0444, ஆயிடை 18.1 முதல் 33.5 வீதம். உங்கள் மென்பொருள் இந்த லொஜிட்டையும் மாறற்றிறனையும் தராவிட்டால் எங்கேயோ ஒரு தெரிவு மாறிக் கிடக்கிறது.

லொஜிட்டின் தலைவலி பூச்சியம். 30 பேரில் ஒருவருக்கும் இல்லை என்றால் மடக்கை எடுக்க முடியாது, அதனால் இரண்டு பக்கமும் 0.5 கூட்டுவார்கள். அப்போது 30இல் 0 என்பது 1.6 வீதமாகிறது, 10இல் 0 என்பது 4.5 வீதமாகிறது. பூச்சியங்கள் நிறைய இருந்தால் நீங்கள் சேர்ப்பது தரவை அல்ல, இந்த அரையைத்தான்.

பூச்சியத்தைச் சமாளிக்கப் பலரும் ஃப்ரீமன்-டூக்கி இரட்டை ஆர்க்சைன் என்ற இன்னொரு உருமாற்றத்தைப் பிடிப்பார்கள். பழைய கட்டுரைகளில் அதுதான் அதிகம், உங்கள் மேற்பார்வையாளரும் அதையே சொல்லலாம். சிக்கல் திரும்பி வரும்போது: சேர்த்த எண்ணை மீண்டும் வீதமாக்க ஒரு மாதிரி அளவு வேண்டும், ஆனால் உங்களிடம் இருப்பதோ பல ஆய்வுகள், பல அளவுகள். 1978இல் வந்த சூத்திரம் இசைச் சராசரியைப் பயன்படுத்துகிறது. மாதிரி அளவுகள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டால் விடை முற்றிலும் பிழையாகப் போகலாம் என்று 2019இல் ஹெப்படைட்டிஸ் சி தரவை வைத்தே காட்டிவிட்டார்கள். நம்முடைய ஆய்வுகளில் 60 பேர் ஆய்வும் 3,000 பேர் ஆய்வும் பக்கத்தில் பக்கத்தில் வரும் என்பதால், நான் இதை முதன்மை வழியாக எடுக்கச் சொல்லமாட்டேன்.

என் தெரிவு ஜிஎல்எம்எம் (பொதுமைப்படுத்திய நேரியல் கலப்பு மாதிரியுரு). ஒவ்வொரு ஆய்வின் எண்ணிக்கையையும் ஈருறுப்புப் பரம்பலாகவே எடுத்துக்கொண்டு, ஆய்வுகளுக்கிடையிலான வித்தியாசத்தை லொஜிட் அளவில் வைக்கும் மாதிரியுரு இது. பூச்சியத்துக்கு அரை கூட்டத் தேவையில்லை. ஆரில் மெட்டா பொதியின் மெட்டாப்ராப் கட்டளையிலும், மெட்டாஃபோர் பொதியிலும் இருக்கிறது. எந்த முறை என்பதைக் கட்டளைக்குள் நீங்களே எழுதுங்கள், முன்னிருப்பை நம்பினால் பதிப்பு மாறும்போது விடை மாறலாம். கொத்துக்குத் திருத்திய எண்களை முழு எண்ணாக்கிக் கொடுங்கள். ஆய்வுகள் மூன்று நான்குதான் என்றால் கணிப்பு ஒருங்காமல் எச்சரிக்கை வரலாம், அப்போது லொஜிட்டுக்குத் திரும்புங்கள். இன்னொன்று, ஜிஎல்எம்எம்மில் வரும் காட்டு வரைபடத்தில் (ஒவ்வொரு ஆய்வின் வீதத்தையும் ஆயிடையையும் வரி வரியாகக் காட்டும் 'ஃபொரெஸ்ட் பிளொட்') ஆய்வுகளின் நிறை வீதம் இருக்காது. "நிறை நிரல் எங்கே, விட்டுவிட்டீர்களா?" என்று கேட்பார்கள். எங்களிடமும் ஒரு சஞ்சிகை கேட்டது. இந்த முறையில் அப்படித் தனித்தனி நிறை வராது என்று முறைப் பகுதியிலேயே ஒரு வரி எழுதிவிட்டால் அந்தக் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

7. எழுமாற்று விளைவும் எதிர்வுகூறல் ஆயிடையும்

எல்லா ஆய்வுக்கும் உண்மையான பரவல் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளும் நிலையான விளைவு மாதிரியுருவை யோசிக்கவே வேண்டாம், இடத்துக்கு இடம் மாறலாம் என்று எடுத்துக்கொள்ளும் எழுமாற்று விளைவையே பிடியுங்கள். மஸ்கெலியாவிலும் பண்டாரவளையிலும் உண்மையான பரவல் ஒன்றேதான் என்று யாரும் நம்பப் போவதில்லை.

ஐ-வர்க்கம் (மொத்த வேறுபாட்டில் தற்செயலால் வராத பங்கு) 90 வீதத்துக்கு மேல் வந்தால் பதற்றப்படாதீர்கள், பரவல் மீளாய்வுகளில் அது சாதாரணம். ஆய்வுகள் பெரிதாக இருந்தாலே சின்ன வித்தியாசமும் ஐ-வர்க்கத்தை ஏற்றிவிடும். அதைவிடப் பயனுள்ளது டௌ-வர்க்கமும் (ஆய்வுகளுக்கிடையிலான மாறற்றிறன்) அதிலிருந்து வரும் எதிர்வுகூறல் ஆயிடையும். கணக்குக்காக நானே எடுத்த எண்கள்: பத்து ஆய்வு, சேர்த்த லொஜிட் மறை 1, நியம வழு 0.25, டௌ-வர்க்கம் 0.5. சேர்த்த பரவல் 26.9 வீதம், நம்பிக்கை ஆயிடை 18.4 முதல் 37.5. பார்க்க அழகாக இருக்கும். எதிர்வுகூறல் ஆயிடையோ 6.1 முதல் 67.5. அடுத்து ஒரு புதிய தோட்டத்துக்குப் போனால் அங்கே எதிர்பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது வீச்சைத்தான். சுகாதார வைத்திய அதிகாரி ஒருவர் இரும்புச்சத்து மாத்திரைக்குத் திட்டம் போட உங்கள் கட்டுரையை எடுத்தால் அவருக்கு வேண்டியதும் அதுதான், ஆகவே இரண்டையும் சுருக்கத்திலேயே போடுங்கள்.

8. ஏன் வேறுபடுகிறது?

உயரம், திருத்தம் செய்ததா இல்லையா, கருவி, வருடம். துணைக்குழுக்களை முதல் படியில் எழுதிய பக்கத்திலிருந்து எடுங்கள், புதிதாகக் கண்டுபிடிக்காதீர்கள். மெட்டா பிற்செலவுக்கு (ஆய்வுகளின் பண்புகளை வைத்து வேறுபாட்டை விளக்கும் 'மெட்டா ரிக்ரெஷன்') ஒரு மாறிக்குப் பத்து ஆய்வாவது வேண்டும் என்பது வழக்கம். பத்து ஆய்வை வைத்துக்கொண்டு நான்கு மாறி போட்டால் வருவது சத்தம் மட்டும்தான்.

சில ஆய்வுகள் வெளியாகாமலே போயினவா (வெளியீட்டுச் சார்பு) என்று பார்க்கப் புனல் வரைபடமும் எக்கர் சோதனையும் போடு என்பார்கள். ஒப்பீட்டு ஆய்வில் "முக்கியமில்லாத முடிவு" அலுமாரியில் தூங்கும். 12 வீதம் என்பதற்கோ 40 வீதம் என்பதற்கோ அப்படி ஒரு தோல்வி கிடையாது. அதோடு வீதமும் அதன் நியம வழுவும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பதால் ஒரு குறையும் இல்லாமலே புனல் சாய்ந்து நிற்கும். போடத்தான் வேண்டும் என்றால் போட்டுவிட்டு, இதை வைத்து வெளியீட்டுச் சார்பு என்று முடிவெடுக்க முடியாது என்று எழுதுங்கள்.

9. வீதம் இல்லாமல் சராசரி என்றால்

சராசரி ஹீமோகுளோபின் மாதிரி அளவைச் சேர்ப்பது இலகு: சராசரி, நியம விலகல், எண்ணிக்கை மூன்றும் போதும். இடையமும் காலணைகளும் மட்டும் தந்திருந்தால் மாற்றும் சூத்திரங்கள் உண்டு, ஆனால் தரவு மிகவும் சாய்ந்திருந்தால் மாற்றாதீர்கள். ஒரே குழுவை முன்னும் பின்னும் அளந்த ஆய்வுகளுக்கு இரண்டு அளவுகளுக்கிடையிலான இணைபுக் குணகம் வேண்டும், அதை அநேகமாக யாரும் தருவதில்லை. அப்படிச் சேர்த்து வந்த மாற்றத்தை மாத்திரையின் பலன் என்று எழுதக் கூடாது, ஒப்பீட்டுக் குழு இல்லாதபோது அது காலத்தின் பலனாகவும் இருக்கலாம்.

10. காலமும் அனுப்புதலும்

வேலை செய்துகொண்டே செய்பவர்கள் ஒரு வருஷத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கணிப்புக்கு ஒரு வாரம் போதும், ஆட்களைத் துரத்தித் தெரிவுசெய்வதும் ஆய்வேடு பார்க்க நூலகத்துக்குப் போவதும்தான் மாதங்களைத் தின்னும். ஆசிரியர்களுக்கு மூலத்தரவு கேட்டு மின்னஞ்சல் போடுவதைத் தரவு எடுக்கத் தொடங்கும் வாரத்திலேயே செய்யுங்கள், இரண்டு வாரத்தில் பதில் இல்லாவிட்டால் ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடலாம்.

தேடல் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் பழசானால் புதுப்பித்துவிட்டு வா என்று சஞ்சிகை திருப்பி அனுப்பலாம். அதனால் கட்டுரை தயாரானதும் அதே தேடல் வரிகளை மறுபடி ஓட்டிப் புதிதாக வந்ததைச் சேர்த்துவிட்டே அனுப்புங்கள். கோப்புறையில் இருக்க வேண்டியவை: ப்ரிஸ்மாவின் 27 உருப்படிப் பட்டியல், தெரிவு ஓட்டப்படம், முழுத் தேடல் வரிகள், முழுக்கட்டுரை பார்த்தபின் விலக்கிய ஆய்வுகள் காரணத்தோடு, தொகுதியும் பகுதியும் உள்ள சிஎஸ்வி கோப்பு, ஆர் கட்டளைக் கோப்பு, பொதியின் பதிப்பு எண், நெறிமுறைக் குழுவின் கடிதம். பதிவு செய்த திட்டத்திலிருந்து எங்காவது விலகியிருந்தால், உதாரணமாக 2011 திருத்தத்தை எழுதிவிட்டு 2024க்கு மாறியிருந்தால், எப்போது, ஏன் என்று தனிப் பத்தியில் எழுதி, பழைய விதியில் வந்த விடையையும் பின்னிணைப்பில் வையுங்கள்.